முதலில் ரொட்டியைப் பொறுக்கினோம்

நரின் ஊரின் பாலத்தடிச் சந்தி.
பிப்ரவரி. விடிய இன்னும் ஒரு மணி நேரம்.
என் ரஷ்ய ஜீப் பிரேக்கை மதிக்கவில்லை.
வழவழத்த தரையில் யாரோ மேசையைத் தள்ளுவதுபோல
மெதுவாகப் போய்
நின்றிருந்த அவள் காரின் விலாவில் இடித்தேன்.

பின்கதவு திறந்து எண்பது ரொட்டிகள்
பனியில் உருண்டன.
ரொட்டி தரையில் கிடக்கக் கூடாது எங்களுக்கு.
அடிபட்டதா என்று கேட்கும் முன்பே
இருவரும் குனிந்துவிட்டோம்,
ஒவ்வொன்றையும் நெற்றியில் ஒற்றி, கூடையில் போட்டு.
எழுபத்தொன்பது வரை எண்ணிய பிறகுதான்
அவள் என்னைத் திட்ட ஆரம்பித்தாள்.

ஜப்பானிலிருந்து வந்த சின்னக் கார், ஸ்டியரிங் வலப்பக்கம்.
முந்திச் செல்லத் தோதில்லை என்று
ஊரே ஏசுகிற வண்டி.
அன்று நான் இடித்த இடப்பக்கத்தில் கூடைகள் மட்டும் இருந்தன.

நானே மெக்கானிக். வேறெங்கே போவது?
கயிறு கட்டி என் கொட்டகைக்கு இழுத்தேன்.
சாய்ராகுல் கூடவே வந்து
கவிழ்த்த வாளியின் மேல் உட்கார்ந்தாள்.
ஐந்து நாளும் அப்படித்தான்:
விடியுமுன் சுட்டு, கைவண்டியில் தள்ளி விற்று,
பத்து மணிக்கு வந்துவிடுவாள்,
கடன் கொடுத்தவளின் நிதானத்தோடு.

சக்கரத்தைக் கழற்றினேன்.
எண்பதாவது ரொட்டி உள்ளே சிக்கி உறைந்திருந்தது.
வாங்கி உத்தரத்தில் வைத்தாள், பறவைகளுக்கு.
கீழ்க்கம்பி முழங்கையாக மடங்கியிருந்தது.
ஆக்ஸில், வாங்கிய அடியை
ஒன்று விடாமல் உள்ளே கொண்டுபோய்ச் சேர்த்திருந்தது,
கோள்மூட்டியைப்போல.
அதன் நுனி குத்தி, கியர் பெட்டியின் அலுமினிய ஓட்டில்
சுண்டுவிரல் நீளத்துக்கு விரிசல்.
இது என்ன, இது என்ன என்று கேட்டுக்கொண்டே இருந்தாள்.
ரப்பர் உறை. குண்டுகள், ஆறு. பூட்டு வளையம்.
எவ்வளவு ஆகும்?
என் கணக்கு, என்றேன்.

பிஷ்கெக்கில் பழைய பெட்டி ஒன்றுக்குச் சொல்லியாயிற்று.
இரண்டு செம்மறிகளை விற்றாயிற்று.
அதன் பிறகுதான் மிச்ச எண்ணெயை வடித்தேன்.

கறுப்பு.
அடுப்பில் மறந்துவிட்ட சட்டியின் வாடை.
இடி எண்ணெயைக் கருக்காது.
வடிகால் திருகின் காந்தத்தில்
மீன்முள் மாதிரி இரும்புச் சிலும்புகள்,
மாதக்கணக்கில் சேர்ந்தவை.
உள்ளே பெல்ட் தேய்ந்து செத்துக்கொண்டிருந்திருக்கிறது,
நான் வருவதற்கு வெகு முன்பே.

வாயைத் திறந்தால் ஓர் ஆடு மிச்சம்.
காந்தத்தைத் துணியில் துடைத்தேன்.
துணியைச் சட்டைப்பைக்குள் வைத்தேன்.
ஏனென்று இன்றுவரை தெரியவில்லை.

நான்காம் நாள், கணவாய் தாண்டி
மினிபஸ்ஸில் பயணிகளின் காலடியில் பெட்டி வந்தது.
நான் அடியில் படுத்திருந்தேன், அவள் ஜாக்கியைப் பிடித்திருந்தாள்.
என் முகம் தெரியாத நேரமாகப் பார்த்துச் சொன்னாள்:
"இரண்டு மாதமாகவே இழுக்கவில்லை, கெஞ்சேபெக்.
அன்று சந்தியில் மிதித்தேன். எஞ்சின் கத்தியது,
வண்டி நகரவில்லை.
அதனால்தான் நடுரோட்டில் நின்றேன்."

பிறகு,
"அந்தத் துணியை நீ ஒளித்ததையும் பார்த்தேன்."

காரின் அடியில் பதில் சொல்ல இடம் குறைவு.
முதுகில் சிமெண்ட் ஊசியாய்க் குத்தியது.
பதினேழாம் நம்பர் ஸ்பானர், என்றேன்.
பதினாலைக் கொடுத்தாள்.
திருப்பிக் கொடுத்தேன். பதினேழைக் கொடுத்தாள்.

வேறு ஆக்ஸிலைப் பல்லோடு பல் சேர்த்து
உள்ளங்கையால் ஒரு தள்ளு.
'டக்' என்று வளையம் விழ வேண்டும்.
விழவில்லை.
உருவி, துடைத்து, வளையத்தின் வாயைக் கீழ்நோக்கித் திருப்பி
மறுபடியும்.
டக்.
வாளியிலிருந்து எழுந்துவிட்டாள்.

ஓர் ஆட்டின் விலையை மேசைமேல் வைத்தாள்.
எண்ணினேன். இருநூறு சோம் குறைந்தது. சொன்னேன்.
"ரொட்டியில் கழித்துக்கொள்."

ஆற்றோரமாக ஓட்டிப் பார்த்தோம்.
அவள் ஓட்ட, நான் இடப்பக்கம்,
ஜீப் வந்த பக்கம்.
கையை விட்டால் இன்னும் கொஞ்சம் வலப்புறம் ஒதுங்குகிறது.
டை ராடை அரைச் சுற்றுத் திருக வேண்டும்.
பாலத்தடிச் சந்தியில் நிறுத்தினாள்.
அந்தப் பக்கம் பார்த்தாள், இந்தப் பக்கம் பார்த்தாள்,
என்னையும் ஒரு தரம்.
மிதித்தாள்.
நகர்ந்தது.